லைக்கனும் மரமூஞ்சூறும்: வெப்பமான இரவை இரண்டும் எப்படிக் கடக்கின்றன?

பிப்ரவரி 8, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

பினாங்கின் தண்ணீர்மலையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் இப்படி வாதிடுகிறார்: "லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் செய்துகொண்ட ஏற்பாடு, மரமூஞ்சூறு ஓர் உயிர். ஏற்பாட்டையும் உயிரையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. அதோடு, லைக்கன் எதையும் தாங்கும். விண்வெளிக்குக் கொண்டுபோனபோதும் பிழைத்தது. மரமூஞ்சூறுக்கோ வேளாவேளைக்கு உணவு கிடைக்காவிட்டால் முடிந்தது." இது சரியா?

பிப்ரவரி 8, இரவு 10.15

ஒப்பிடலாம் என்பதே என் கருத்து. ஆனால் லைக்கன் என்றும் விலங்கு என்றும் பொதுவாகப் பேசினால் வாதம் எங்கும் போய்ச் சேராது. அறியப்பட்ட லைக்கன் வகைகள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. துருவப் பாறையில் இருப்பதும் நம் பாக்கு மரத்தில் இருப்பதும் ஒரே வாழ்க்கை வாழவில்லை. ஆகவே மலேசியச் சாலையோர மரங்களில் பரவலாகக் காணப்படும் டிரினேரியா பிக்டாவை ஒரு பக்கம் வைக்கிறேன். தூங்குமூஞ்சி மரத்திலும் தென்னையிலும் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், பட்டையோடு பட்டையாக ஒட்டிப் படர்ந்திருக்கும் அதை நம்மில் பெரும்பாலோர் மரத்தின் நிறம் என்றே எண்ணிக் கடந்துபோகிறோம். மறுபக்கம் வைப்பது டுபாயா கிளிஸ் என்னும் மரமூஞ்சூறு. ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள அந்த விலங்கைப் பார்க்கிற பலரும் அணில் என்று சொல்லிவிடுகிறார்கள். கூர்ந்து நீண்ட மூக்கும், அணிலுக்கு இருப்பது போன்ற நீண்ட மீசை மயிர் இல்லாததும், தோளில் ஓடும் வெளிறிய கோடும் அதைப் பிரித்துக் காட்டும்.

அந்த மரமூஞ்சூறுக்கும் நமக்கும் ஒரு தனிப்பட்ட தொடர்பு உண்டு. 1820இல் பியர் மெடார் தியார் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அறிவியலுக்கு அதை விவரித்தபோது, அதன் மூல இடமாகப் பதிவானது பினாங்குத் தீவுதான். உலகில் எங்கே அந்த இனத்தைப் பற்றிப் பேசினாலும் பினாங்கின் விலங்கே அளவுகோல். இதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தர வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9, காலை

முதலில் "ஏற்பாடு, உயிர்" என்ற பகுதி.

1867இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சீமோன் ஷ்வெண்டனர், லைக்கன் தனித் தாவரம் அன்று, பூஞ்சையும் பாசியும் இணைந்த உடல் என்று அறிவித்தபோது, அக்காலத்து லைக்கன் அறிஞர்களில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். மறுத்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் நைலாண்டர். இதே நைலாண்டர்தான் 1866இல், பாரிஸ் நகரத்து லுக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் செழித்திருப்பதையும் நகரின் மற்ற பகுதிகளில் அவை குன்றியிருப்பதையும் ஒப்பிட்டு, காற்றின் தூய்மையை லைக்கன் காட்டும் என்று எழுதியவர். லைக்கனின் வாழ்க்கையை அவ்வளவு நுட்பமாகக் கவனித்த ஒருவரால், அது இரண்டு உயிர்களின் உடல் என்பதை ஏற்க முடியவில்லை. நம் நடை நண்பரின் தயக்கமும் அந்த வரிசையில் வருவதுதான் என்பதால் அதை நான் எளிதாக ஒதுக்கவில்லை.

ஆனால் மரமூஞ்சூறு தனி உயிர் என்பது எந்த அளவுக்கு உண்மை? அதன் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா, மிகப் பழங்காலத்தில் தனியே வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் வழிவந்தது. அதன் குடலில் பாக்டீரியாக்களின் பெருங்கூட்டம் இருக்கிறது. அவை இல்லாமல் அதன் செரிமானம் இன்று உள்ளபடி நடக்காது. வேறுபாடு எங்கே என்றால், மைட்டோகாண்டிரியா கருமுட்டையின் வழியே தாயிடமிருந்து குட்டிக்குத் தவறாமல் வந்துவிடுகிறது. லைக்கனில் அப்படி இல்லை. பூஞ்சை பாலினப் பெருக்கத்தால் உண்டாக்கும் வித்துகளில் பாசி இருக்காது. விழுந்த இடத்தில் பொருத்தமான பாசியைப் புதிதாகத் தேடிக்கொண்டால்தான் லைக்கன் மீண்டும் உருவாகும். ஆகவே லைக்கன் என்பது தலைமுறைதோறும் மீண்டும் செய்துகொள்ள வேண்டியிருக்கும் உறவு; மரமூஞ்சூறு என்றோ முடிந்துபோன உறவின் வாரிசு.

பிப்ரவரி 9, மதியம்

காலையில் எழுதியதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும். லைக்கன்கள் பலவற்றுக்கு வேறொரு வழியும் உண்டு: பூஞ்சை இழைகள் சுற்றிய பாசி அணுக்களை நுண்ணிய பொடியாக உதிர்க்கின்றன. அதில் இரு பங்காளிகளும் சேர்ந்தே பயணம் செய்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட டிரினேரியா பிக்டாவும் அப்படிப் பொடி உதிர்க்கும் வகைதான். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அதன் மேற்பரப்பில் மாவுப் புள்ளிகளாக அவற்றைக் காணலாம்.

இரண்டாவது, பங்காளிகள் இருவர் மட்டுமா என்பதே இப்போது உறுதியில்லை. 2016இல் டோபி ஸ்பிரிபில்லும் உடன் ஆய்வாளர்களும் சில லைக்கன்களின் வெளித்தோலில் முற்றிலும் வேறு பிரிவைச் சேர்ந்த ஈஸ்டுப் பூஞ்சைகளைக் கண்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக இருவர் என்று கணக்கிட்ட வீட்டில் மூன்றாமவர் இருந்தார்.

பிப்ரவரி 9, இரவு

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் ஐயா, பாசி தனியே வாழுமா என்று கேட்கிறார். சில வாழும், ஐயா. வீட்டின் பின்புறத்து ஈரச் சுவரில் செம்மஞ்சள் நிறத்தில் துரு போலப் படர்வது பெரும்பாலும் டிரென்டிபோலியா என்ற பச்சைப்பாசி; பச்சை என்று பெயர் பெற்றிருந்தாலும் அதன் உடலில் சேரும் நிறமிகள் அதைச் செம்மஞ்சளாக்குகின்றன. வெப்ப மண்டலத்தின் பட்டை லைக்கன்கள் பலவற்றில் உள்ளே இருந்து உணவு செய்வதும் இதே குடும்பத்துப் பாசிதான். பாக்கு மரத்தில் கரிய கோடுகளால் யாரோ எழுதிப் பார்த்தது போல இருக்கும் கிராபிஸ் லைக்கன் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

பிப்ரவரி 11

இப்போது தாங்குதிறன். இந்தக் கேள்வி பதில் தொடரில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். சற்று நீளமாக எழுதுகிறேன்.

விண்வெளிச் செய்தி உண்மை. 2005இல் ஃபோட்டான் எம் 2 செயற்கைக்கோளில், ரைசோகார்பன், சாந்தோரியா ஆகிய லைக்கன்கள் ஏறத்தாழ 15 நாட்கள் வெற்றிடத்துக்கும் வடிகட்டப்படாத கதிர்வீச்சுக்கும் முன் வைக்கப்பட்டுத் திரும்பின. நீர் பட்டதும் மீண்டும் ஒளிச்சேர்க்கை செய்தன. ஆனால் அங்கே அவை வாழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உலர்ந்து, எல்லா வேலையையும் நிறுத்தி, செலவும் வரவும் இல்லாத நிலையில் இருந்தன. நிறுத்தத் தெரிந்ததே லைக்கனின் வலிமை. அதற்கு வேர் இல்லை, நீரைச் சேமிக்கும் தண்டு இல்லை, நீர் வெளியேறாமல் தடுக்கும் மெழுகுத்தோல் இல்லை; சுற்றிலும் ஈரம் இருந்தால் ஈரமாக இருக்கும், இல்லையென்றால் காய்ந்துவிடும். பச்சைப்பாசி உள்ள லைக்கன்களுக்கு மழைகூடத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதமே அவற்றை எழுப்பிவிடும் என்பதை 1980களில் ஓட்டோ லாங்கேயும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். நீலப்பச்சைப் பாசி உள்ளவற்றுக்கு மட்டும் நீர்த்துளி வேண்டும்.

அப்படியானால் ஈரம் குறையாத பினாங்கு லைக்கனுக்குச் சொர்க்கம் அல்லவா? நானும் பல காலம் அப்படித்தான் எண்ணிவந்தேன், தீவின் நடுவே உயர்ந்து நிற்கும் கொடிமலையில் நடக்கத் தொடங்கியவர்கள் பலரும் அப்படியே எண்ணுவார்கள். நடப்பது வேறு. ஈரமாக இருக்கும் லைக்கன் இரவிலும் சுவாசிக்கிறது. ஒளி இல்லாததால் பாசிக்கு வருமானம் இல்லை. உடலின் பெரும்பகுதியான பூஞ்சையோ பகலில் சேர்த்த சர்க்கரையை இரவு முழுவதும் செலவழிக்கிறது. வெப்பம் கூடக்கூடச் சுவாசமும் கூடும். தலைநகர் ஜார்ஜ்டவுனில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 24 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை. பகலில் வெயில் ஏறினால் லைக்கன் காய்ந்து வேலை நின்றுவிடும். மேகம் மூடிய பகலில் ஈரமாக இருந்தாலும் காட்டின் உள்ளே போதிய வெளிச்சம் இல்லை. ஆக, பகலில் கொஞ்ச நேரமே கூலி கிடைத்து, இரவு முழுவதும் செலவு செய்யும் குடும்பத்தின் நிலைதான் தாழ்நில மழைக்காட்டில் இருக்கும் பெரிய இலைவடிவ லைக்கனுக்கு. அவை அங்கே அரிதாகவும், மலை ஏறஏற மிகுதியாகவும் இருப்பதற்கு இந்த இரவுச் செலவு ஒரு முக்கியக் காரணம் என்று பனாமாவில் நடந்த அளவீடுகள் கூறுகின்றன. கொடிமலையின் உச்சி 833 மீட்டர். கீழே உள்ளதைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ச்சி. மேலே போகும்போது மரக்கிளைகளின் தோற்றம் மாறுவதை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

எனவே "லைக்கன் எதையும் தாங்கும்" என்பதை நான் ஏற்கவில்லை. உறைபனியையும் வறட்சியையும் வெற்றிடத்தையும் தாங்குகிற அதே உடலமைப்பு, வெதுவெதுப்பான ஈர இரவில் மெல்ல மெல்லப் பட்டினிக்கு உள்ளாகிறது. சோதனைக்குப் போன வகைகளும் நம் ஊர் வகைகளும் வெவ்வேறு என்பது உண்மையே. ஆனால் இரவுச் சுவாசத்திலிருந்து ஈரமாக இருக்கும் எந்த லைக்கனுக்கும் விலக்கு இல்லை.

பிப்ரவரி 12

"அப்படியென்றால் சாலையோர மரங்களில் மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்ட அக்காவுக்கு: காரணம் அந்த மரங்கள் திறந்த வெளியில் நிற்பதுதான். வெளிச்சம் நிறைய விழுகிறது. மழை விட்டதும் காற்றும் வெயிலும் பட்டையை விரைவில் உலர்த்திவிடுகின்றன. மாலைக்குள் உலர்ந்துவிட்ட லைக்கனுக்கு அன்றைய இரவின் முற்பகுதியிலாவது செலவில்லை. அதிகாலைப் பனியும் ஈரக்காற்றும் அதை எழுப்பும்போது விடியலும் நெருங்கிவிடுகிறது. இம்மாதத்தில் இங்கே சூரியன் ஏறத்தாழ 7.30 மணிக்குத்தான் எழுகிறது. அதன்பின் பட்டை காயும் வரையிலான நேரமே அன்றைய முக்கிய வருமானம்.

மரமூஞ்சூறும் பகல் விலங்கு. மரத்தடியில் இலைச்சருகைக் கிளறி அது பூச்சி தேடத் தொடங்குவதையும் அந்த நேரத்தில்தான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 14

மரமூஞ்சூறின் இரவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கோ லைக்கனைப் பற்றி எழுதிய நாளிலிருந்து அதே எண்ணம்தான்.

வெப்பக்குருதி விலங்கால் லைக்கனைப் போல நிறுத்த முடியாது. நிறுத்தினால் இறப்பு. 150 கிராம் உடல், எடையைக் கணக்கிட்டால், பெரிய விலங்கைவிட வேகமாக எரிகிறது. அதனால்தான் அது ஓயாமல் தேடுகிறது: பூச்சி, மண்புழு, பழம். பழத்தைத் தின்னும் முறையே தனி. சபாவில் மரமூஞ்சூறுகளோடு நீண்ட காலம் களப்பணி செய்த லூயிஸ் எம்மன்ஸ், அவை பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிக்கொண்டு நாரைத் துப்பிவிடுகின்றன என்று பதிவு செய்திருக்கிறார். பழந்தின்னி வௌவால் செய்வதும் அதுவே. செரிக்க நேரம் எடுக்கும் நாரை வயிற்றில் சுமந்து திரிவது இவ்வளவு விரைவாக எரியும் உடலுக்குக் கட்டாது.

ஆனால் முழுவதும் நிறுத்த முடியாத அந்த விலங்கு, இரவில் குறைத்துக்கொள்கிறது. நெருங்கிய உறவான டுபாயா பெலஞ்செரியை அளந்தவர்கள், அதன் உடல் வெப்பநிலை பகலுக்கும் இரவுக்கும் இடையே ஏறத்தாழ 5 டிகிரி மாறுகிறது என்று 1992இல் வெளியிட்டார்கள். மனிதருக்கு இந்த மாற்றம் ஏறத்தாழ 1 டிகிரிதான். நோயில்லாத ஒரு பாலூட்டி நாள்தோறும் இவ்வளவு இறக்கி ஏற்றுவது பெரிய செய்தி. மலையின் 833 மீட்டர் லைக்கனுக்குத் தரும் குளிர்ச்சியும், மரமூஞ்சூறு தன் பொந்துக்குள் தானே உண்டாக்கிக்கொள்ளும் குளிர்ச்சியும் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பது தற்செயல்தான். அதற்கு நான் பொருள் எதுவும் ஏற்றவில்லை. ஆனால் இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்: இருட்டில் வருமானம் இல்லை, சுவாசம் நிற்பதில்லை, வெப்பம் செலவைக் கூட்டுகிறது. லைக்கன் அந்தக் கணக்கைச் சுற்றுச்சூழலின் கையில் விட்டிருக்கிறது. மரமூஞ்சூறு அதைத் தன் உடலுக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏற்பாடு, உயிர் என்ற பிரிவினையைவிட இந்த வேறுபாடே எனக்கு உண்மையானதாகத் தெரிகிறது.

பிப்ரவரி 14, இரவு

குட்டிகளைப் பற்றி ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். 1960களில் ராபர்ட் மார்ட்டின், கூண்டில் வளர்த்த டுபாயா பெலஞ்செரியைக் கவனித்து எழுதியது இன்று படித்தாலும் வியப்பளிக்கிறது. தாய் வேறு கூட்டில் உறங்குகிறது. குட்டிகளிடம் இரண்டு நாட்களுக்கு ஒரு முறைதான் வருகிறது, சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. கொழுப்பு மிகுந்த அந்தப் பாலைக் கொண்டு குட்டிகள் 48 மணி நேரம் தங்கள் வெப்பத்தைத் தாங்களே காத்துக்கொள்கின்றன. தாய் அடிக்கடி வந்துபோனால் கூடு இருக்கும் இடம் பகை விலங்குகளுக்குத் தெரிந்துவிடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

பொந்துக்குள் கிடக்கும் அந்தக் குட்டிகள்தாம், முழு வாழ்விலும், லைக்கனின் வாழ்க்கைக்கு மிக அருகில் வருகின்றன. வெளியிலிருந்து எப்போதோ வருவதைப் பெற்று, அடுத்தது வரும்வரை அசையாமல் இருப்பதே இருவரின் நிலையும். லைக்கன் அந்த இடைவெளியில் அணைந்துவிடலாம். குட்டி எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 17

வயது. வடக்குக் கடலோரச் சாலையில் பிரான்சிஸ் லைட் அடக்கம் செய்யப்பட்ட பழைய புரொட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தைக் குறிப்பிட்டு, அங்கே கற்களில் இருக்கும் லைக்கனும் 1794 முதல் இருப்பதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லில் செதுக்கிய ஆண்டு, லைக்கனின் வயதுக்கு மேல் எல்லையைத் தரும். அதற்கு முன் அந்தக் கல்முகம் இல்லை. ஆனால் கல்லைக் கழுவியிருக்கலாம், பழுதுபார்த்திருக்கலாம், லைக்கன் நூறு ஆண்டு கழித்தும் வந்திருக்கலாம். ஆல்ப்ஸ் மலைகளில் 1950 முதல் ரோலண்ட் பெஷல் லைக்கனின் அளவைக் கொண்டு பனியாறு விலகிய காலத்தைக் கணிக்கும் முறையை வளர்த்தார். அது குளிர்ந்த மலைப்பாறையில், அந்த ஊரின் வளர்ச்சி வேகத்தை முன்னரே அளந்து வைத்திருந்தால் மட்டுமே செல்லும்.

பாறையோடு ஒட்டி வளரும் வகைகள் பலவும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே விரிகின்றன. பாதுகாப்பில் வளர்த்த மரமூஞ்சூறு 12 ஆண்டுகள் வரை வாழ்ந்திருக்கிறது. அந்த முழு ஆயுளில் அப்படிப்பட்ட லைக்கன் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும். ஆனால் மரப்பட்டையில் இருப்பவை இவ்வளவு நீண்ட கணக்குப் போட முடியாது. பட்டை உரிந்தால் அவற்றின் நிலமே போய்விடும்.

பிப்ரவரி 18

மரமூஞ்சூறுக்குப் பதிலாகக் குபுங்கை எடுத்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். பறக்கும் லெமூர் என்று தவறாக அழைக்கப்படும் அந்தச் சறுக்கு விலங்கு நம் தீவிலும் உண்டு. பகலில் மரத்தைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்கும்போது அதன் சாம்பலும் பச்சையும் கலந்த திட்டுகள் லைக்கன் படர்ந்த பட்டையாகவே தெரியும். கழுகின் கண்ணுக்கும் அப்படியே தெரிவதுதான் அதற்குப் பாதுகாப்பு. பட்டையில் லைக்கனே இல்லாத மரத்தில் அந்த மேனிக்கு அவ்வளவு பயன் இருக்குமா என்ற கேள்வி என்னைத் தொடர்கிறது. ஆனால் அது ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட இலையுண்ணி, அவசரமில்லாத விலங்கு. வேகமும் நிறுத்தமும் எதிரெதிரே நிற்கும் ஒப்பீட்டுக்கு மரமூஞ்சூறே பொருத்தம்.

பிப்ரவரி 20

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. 2015 புகைமூட்டத்தின்போது இருமாதவர் நம்மில் யாருமில்லை. மரமூஞ்சூறும் அதே காற்றைத்தான் இழுத்தது. ஆனால் அதற்கு நச்சை வடிக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, விலகி ஓடக் கால்களும் இருக்கின்றன. லைக்கன் மழையிலும் தூசியிலும் வருவதை உடல் முழுவதாலும் உள்வாங்குகிறது. வந்ததை வெளியே தள்ள அதற்கு உறுப்பு இல்லை. பாரிஸில் நைலாண்டர் கண்டதன் அடிப்படை இதுதான். டிரினேரியா பிக்டா ஓரளவு மாசைத் தாங்கும் வகை என்பதால், அது இருப்பதை மட்டும் கொண்டு காற்று நன்று என்று முடிவுகட்ட வேண்டாம்.

பிப்ரவரி 22

லிட்டில் இந்தியா மளிகைக்கடைகளில் விற்கும் கல்பாசி லைக்கனா? ஆம். செட்டிநாட்டுச் சமையலில் எண்ணெயில் பொரித்து மணம் எடுக்கும் அது பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்ற இலைவடிவ லைக்கன். மலைப்பகுதிகளின் மரங்களிலும் பாறைகளிலும் இருந்து சேகரிக்கப்படுகிறது. மெதுவாக வளர்வது என்பதை எண்ணி அளவாக வாங்குவது நல்லது. நம் தெருமரத்தில் உள்ளதைச் சுரண்டிக் குழம்பில் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், தம்பி. அது வேறு வகை. அதற்குமேல் சாலைப் புகையில் உள்ள உலோகங்களையும் சேர்த்து வைத்திருக்கும்.

பிப்ரவரி 23

கடைசியாக வந்த கேள்வி அவசரமானது. ஒரு குடியிருப்பில், பாக்கு மரங்களின் உச்சி வாடுவதற்கு லைக்கனே காரணம் என்று முடிவுசெய்து, தண்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுண்ணாம்பு அடிக்க இருக்கிறார்களாம்.

தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். லைக்கன் மரத்திலிருந்து உணவு எடுப்பதில்லை; அதன் உணவை உள்ளே இருக்கும் பாசியே செய்கிறது, பட்டை அதற்கு நிற்கும் இடம் மட்டுமே. வாடும் மரத்தில் லைக்கன் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் தலைகீழானது: ஓலை குறைந்தால் தண்டில் வெளிச்சம் கூடுகிறது, வெளிச்சம் கூடினால் லைக்கன் பெருகுகிறது. கம்பித் தூரிகை தண்டில் காயம் உண்டாக்கி, உண்மையான நோய்ப் பூஞ்சைகளுக்கு வழி திறந்துவிடும். வேரைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் தேங்குகிறதா, அண்மையில் நடைபாதை போட்டபோது வேர் வெட்டுப்பட்டதா, குருத்தில் வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கட்டும். குடியிருப்புக் குழுவினர் நம்ப மறுத்தால், காய்ந்த லைக்கன் மீது சிறிது தண்ணீர் தெளித்துக் காட்டுங்கள்: சில நிமிடங்களில் சாம்பல் நிறம் மங்கி உள்ளிருக்கும் பச்சை தெரியும். அவர்களின் கூட்டம் வியாழக்கிழமை என்றால், அதற்குமுன் யாராவது வார்டு அலுவலகத்தில் தோட்டக்கலை தெரிந்த ஒருவரை அழைத்துவர முடியுமா என்று கேளுங்கள். என்னால் வர முடியும், நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.